டிவில பேசுறது கேக்கல, வெடிச்சா வீடே அதிருது: ஒரு தடவை உக்காந்து சரி பண்ணிடுங்க

படம் பாக்க உக்காந்தா ரிமோட்டை கீழ வைக்கவே முடியல. ரெண்டு பேர் ரகசியம் பேசுறாங்க, ஒண்ணுமே புரியல, சவுண்ட் ஏத்துறோம், அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள ஒரு கார் வெடிக்குது, தூங்கிட்டிருந்த குழந்தை எந்திரிச்சு உக்காந்துக்குது, பதறிப்போய் குறைக்கிறோம், குறைச்ச உடனே மறுபடியும் ரகசியம். பாதி கதை "என்ன சொன்னான், என்ன சொன்னான்"னு பக்கத்துல இருக்கறவங்கள கேட்டு தான் தெரியுது, அவங்களுக்கும் தெரியல, ரெண்டு பேரும் ரிவைண்ட் பண்றோம். இது போதாதுன்னு படம் ஏதோ வழுவழுன்னு ஓடுது, ராத்திரி சீன் வந்தா மொத்தமும் கருப்பு, எழுத்து ஓடுறப்பவே அடுத்த எபிசோட் தானா ஆரம்பிச்சிடுது.

உங்க காதுக்கும் கண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. அதை மொதல்ல மனசுல வச்சுக்குங்க. டிவி பெட்டிய பிரிக்கறப்ப அது உங்க ஹாலுக்குன்னு செட் ஆகி வரல. ஒண்ணு கடைல பத்து டிவி பக்கத்துல பக்கத்துல எரியறப்ப கண்ணை இழுக்கணும்னு செட் பண்ணியிருப்பாங்க, இல்லனா கரண்ட் மிச்சம் காட்டுறதுக்காக செட் பண்ணியிருப்பாங்க. பாக்குற மனுசனுக்காக யாரும் செட் பண்ணல, அதை நாம தான் செய்யணும். ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, காசு எதுவும் ஆகாது, மெனு எல்லாம் திறந்து பாக்குற பொறுமை மட்டும் வேணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நல்லா தெரிஞ்ச படத்துல ஒரு சீன் எடுத்து வச்சுக்குங்க, மெதுவா பேசிட்டு இருக்கறப்ப திடீர்னு சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு. ஒவ்வொண்ணா மாத்தி அதே சீனை ஓட்டிப் பாருங்க. ஒரே நேரத்துல அஞ்சு விஷயத்தை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாம போயிடும்.

சவுண்ட்

இதுல தான் அதிக நேரம் போகும், போகட்டும், ஏன்னா எரிச்சல்ல முக்கால்வாசி இங்க தான் இருக்கு. டிவி ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கர் வைக்க முன்பக்கம் இடம் இல்லாம போச்சு, அதனால நிறைய டிவில ஸ்பீக்கர் கீழ பாத்தோ பின்னாடி செவுத்தை பாத்தோ இருக்கும். நடிகர் உங்கள பாத்து பேசுறார், சத்தம் தரையை பாத்து போகுது. அதுக்கு மேல, படத்தோட சவுண்ட் பெரும்பாலும் 5.1ல வருது, அதாவது முன்னாடி இடது, வலது, நடுவுல ஒண்ணு, பின்னாடி ரெண்டு, அப்புறம் பேஸுக்கு தனியா ஒண்ணு. பேச்சு முக்கால்வாசி நடு ஸ்பீக்கர்ல தான் இருக்கும். உங்க டிவில இருக்கறது ரெண்டு ஸ்பீக்கர்னா, இந்த ஆறையும் அந்த ரெண்டுக்குள்ள திணிக்கணும், அப்ப தனியா இருந்த பேச்சு மியூசிக், மழை, துப்பாக்கி எல்லாத்தோடயும் கலந்துடுது. தியேட்டர் மிக்ஸ்ல ஒரு ஸ்பீக்கரோட உச்ச சத்தம் 105 டெசிபல் வரைக்கும் போக இடம் வச்சிருப்பாங்க, அதனால தான் கிசுகிசுக்கும் வெடிக்கும் நடுவுல அவ்வளவு தூரம். பெரிய ஹால்ல அது அருமையா இருக்கும், வீட்டுக்குள்ள ராத்திரி பதினோரு மணிக்கு அது சித்திரவதை.

இப்ப செய்ய வேண்டியது. படம் ஓடுறப்ப ஆப்புக்குள்ள ஆடியோன்னு ஒரு மெனு இருக்கும், சப்டைட்டில் எடுக்குற அதே இடம் தான். அதுல 5.1 செலக்ட் ஆகி இருந்து உங்களுக்கு டிவி ஸ்பீக்கர் மட்டும் தான்னா, ஸ்டீரியோன்னு, அதாவது ரெண்டே ஸ்பீக்கருக்கான சவுண்ட், இன்னொண்ணு இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுக்கு மாத்துங்க. நிறைய படத்துல இது ஒண்ணே பெரிய வித்தியாசம் காட்டும். டிவியோட தனியா ஸ்ட்ரீமிங் பாக்ஸ் மாட்டியிருந்தா அதோட செட்டிங்ஸ்லயும் ஆடியோ அவுட்புட் போய் பாருங்க, அங்க சரவுண்ட்னு இருந்து இங்க ரெண்டே ஸ்பீக்கர்னா அதையும் ஸ்டீரியோ ஆக்கிடுங்க.

அப்புறம் டிவியோட சவுண்ட் மெனு. "சரவுண்ட்", "வர்ச்சுவல்", "3டி"ன்னு எதாவது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, இருக்கற ரெண்டு ஸ்பீக்கரை வச்சு சுத்தி சத்தம் வர்ற மாதிரி காட்டுறதுக்கு அது பண்ற வேலைல பேச்சு தான் மொதல்ல மங்கிப்போகும். சவுண்ட் மோட்ல கிளியர் வாய்ஸ், ஸ்பீச், நியூஸ், டயலாக்னு எந்தப் பேர்ல இருந்தாலும் அதைப் போட்டுப் பாருங்க. எல்ஜில கிளியர் வாய்ஸ்னு இருக்கும், சோனில வாய்ஸ் ஜூம்னு இருக்கும், மாடலுக்கு மாடல் இடம் மாறும். பேஸ் அதிகமா வச்சிருந்தா ரெண்டு மூணு பாயிண்ட் குறைங்க, ஆம்பளைக் குரல் பொதபொதன்னு கேக்கறதுக்கு பாதி காரணம் அது தான்.

ஆட்டோ வால்யூம், நைட் மோட், வால்யூம் லெவலிங், இதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேலைய தான் செய்யுது: சின்ன சத்தத்தை தூக்கி பெரிய சத்தத்தை அமுக்குறது. மியூசிக் நல்லா கேக்கணும்னு நினைக்கறவங்களுக்கு இது பிடிக்காது, எனக்கும் பாட்டு கேக்கறப்ப பிடிக்காது, ஆனா ராத்திரி படம் பாக்க இதை விட்டா வேற வழி இல்லன்னு தான் சொல்லுவேன். ஆப்பிள் டிவி பாக்ஸ்ல இதுக்கு லவுட் சவுண்ட்ஸ் குறைக்கறதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. பிரைம் வீடியோல 2023லேருந்து டயலாக் பூஸ்ட்னு ஒண்ணு குடுக்குறாங்க, எல்லா படத்துக்கும் இருக்காது, இருக்கற படத்துல ஆடியோ மெனுலயே தெரியும், கண்டிப்பா போட்டுப் பாருங்க.

சவுண்ட்பார் வச்சிருக்கறவங்க அதை கப்போர்டு தட்டுக்குள்ள தள்ளி வைக்காதீங்க, முன் ஓரத்துக்கு இழுத்து வைங்க, அதுக்கு முன்னாடி பொம்மை, பூச்சாடி எதுவும் நிக்கக் கூடாது. ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கரும் இருக்கறவங்களுக்கு வேலை இன்னும் ஈசி, சென்டர் சேனலை, அதான் அந்த நடு ஸ்பீக்கரை, மட்டும் 3 டெசிபல் ஏத்துங்க, முடிஞ்சுது.

பேசுறது ஒரு நேரம், வாய் அசையறது ஒரு நேரம்னா அது வேற கதை. சவுண்ட் முந்தி வருதா, பிந்தி வருதான்னு மொதல்ல கண்டுபிடிங்க, யாராவது கை தட்டுற சீனோ கதவை அறையற சீனோ பாத்தா தெரிஞ்சிடும். முந்தி வந்தா ஆடியோ டிலே, ஏவி சிங்க்னு எங்கயாவது இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி சரி பண்ணிடலாம். பிந்தி வந்தா டிலேவ ஏத்தினா இன்னும் மோசமாகும், அதனால டிலே ஜீரோல இருக்கான்னு பாத்துட்டு டிவியோட டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட்டை பிசிஎம்னு மாத்திப் பாருங்க, நடுவுல ஒரு பிராசஸிங் குறையும். புளூடூத் ஹெட்போன்ல பிந்தி வர்றது சகஜம், சில டிவில அதுக்குன்னு தனியா ஒரு சிங்க் செட்டிங் இருக்கு.

இவ்வளவும் பண்ணியும் கேக்கலன்னா சப்டைட்டில் போடுங்க, அதுல எந்தக் குறைச்சலும் இல்ல. எழுத்து வெள்ளைல கண்ணைக் குத்துதுன்னா ஆப்போட செட்டிங்ஸ்ல சைஸ், கலர், பின்னாடி நிழல் எல்லாம் மாத்தலாம், லேசான சாம்பல் கலர் வச்சுப் பாருங்க, இருட்டுல எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு தெரியும். "கதவு கிறீச்சிடுகிறது", "சோக இசை"ன்னு எல்லாம் வர்றது தொந்தரவா இருந்தா, சிசி (இப்படி சத்தத்தையும் எழுதிக் காட்டுறது) இல்லாத சப்டைட்டில் லிஸ்ட்ல இருக்கான்னு தேடுங்க. படம் பேசுற அதே மொழில பேச்சு மட்டும் காட்டுற சப்டைட்டிலை நெட்ஃப்ளிக்ஸ் 2025ல தான் ஆரம்பிச்சுது, இது எப்பவோ வந்திருக்க வேண்டியது.

படம் ஏன் படம் மாதிரியே இல்ல

புது டிவில பழைய படம் போட்டவுடனே ஏதோ ஒட்டலன்னு தோணும், என்னன்னு சொல்லத் தெரியாது. எவ்வளவு செலவு பண்ணி எடுத்த படமா இருந்தாலும் மத்தியானம் ஓடுற சீரியல் மாதிரி தெரியும், நடிகர்கள் செட்டுக்குள்ள நின்னு நடிக்கறது அப்பட்டமா தெரியும். அதுக்கு காரணம் மோஷன் ஸ்மூத்திங். பேசும் படம் வந்த காலத்துலேருந்து, அதாவது 1920களோட கடைசிலேருந்து, சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம்ல தான் ஓடுது. டிவி திரை நொடிக்கு 60 தடவையோ 120 தடவையோ புதுப்பிக்குது. நடுவுல இருக்கற இடைவெளிய நிரப்ப டிவி தானாவே கற்பனை பண்ணி புது ஃப்ரேம் உருவாக்கி சொருகுது. கேமரா எடுக்காத படம் அது, டைரக்டர் பாக்காத படம். ஆள் கை வீசி நடக்கறப்ப விரலைச் சுத்தி ஒரு கலங்கல் தெரியும் பாருங்க, அது டிவியோட கற்பனை தப்பாப் போன இடம்.

நான் மட்டும் புலம்பல. 2018 டிசம்பர்ல நடிகர் டாம் க்ரூஸும் டைரக்டர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு வீடியோ போட்டு, வீட்டுல டிவில இதை தயவு செஞ்சு ஆஃப் பண்ணிட்டு படம் பாருங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. அடுத்த வருஷம், 2019ல, யுஎச்டி அலையன்ஸ்ங்கற அமைப்பு ஃபிலிம்மேக்கர் மோட்னு ஒண்ணை அறிவிச்சுது, ஸ்மூத்திங் ஆஃப், கலர் எடுத்தவங்க நினைச்ச மாதிரி, ஓரம் வெட்டாம முழுப் படம், எல்லாம் ஒரே பட்டன்ல. உங்க டிவில பிக்சர் மோட் லிஸ்ட்ல அது இருந்தா போடுங்க, இந்தப் பகுதில பாதி வேலை மிச்சம்.

இல்லாதவங்க பிக்சர் மோடை விவிட், டைனமிக், ஸ்டாண்டர்ட் எல்லாத்தையும் விட்டுட்டு மூவி அல்லது சினிமான்னு மாத்துங்க. அப்புறம் ஸ்மூத்திங்கை தேடிப் பிடிங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வச்சு ஒளிச்சு வச்சிருக்காங்க. சாம்சங்ல ஆட்டோ மோஷன் பிளஸ்னோ பிக்சர் கிளாரிட்டின்னோ இருக்கும், எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோ. வேற கம்பெனின்னா "மோஷன்"னு ஆரம்பிக்கற எதுவா இருந்தாலும் உள்ள போய் பாருங்க. ஆஃப் பண்ணினதும் கேமரா பக்கவாட்டுல நகர்ற சீன்ல விட்டு விட்டு போற மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க, 60 ஹெர்ட்ஸ் டிவில, அதாவது நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கறதுல, கொஞ்சம் தெரியத் தான் செய்யும், ஏன்னா 24 அறுபதுக்குள்ள சமமா அடங்காது, ஒரு ஃப்ரேமை ரெண்டு தடவையும் அடுத்ததை மூணு தடவையும் காட்ட வேண்டியிருக்கு. 120ல அந்தக் கணக்கு சரியா வந்துடும். ரொம்ப உறுத்தினா கஸ்டம்னு எடுத்து ஜடர்னு (விட்டு விட்டு போறதை குறைக்கறது) இருக்கறதை மட்டும் ரெண்டு பாயிண்ட் வச்சுக்குங்க, அதுக்கு மேல போகாதீங்க. விளையாட்டு பாக்கறப்ப ஸ்மூத்திங் ஆன்ல வச்சுக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, பந்து தெளிவாத் தெரியும்.

இதுல முக்கியமான ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித் தர மாட்டேங்குறாங்க: நிறைய டிவி, இந்த செட்டிங்கை ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனியா ஞாபகம் வச்சுக்கும், சாதா வீடியோவுக்கு ஒண்ணு, எச்டிஆருக்கு (வெளிச்சமும் கலரும் கூடுதலா காட்டுற வீடியோ) ஒண்ணு, அதுலயே ஒரு வகையான டால்பி விஷனுக்கு ஒண்ணுன்னும் தனித்தனியா வச்சுக்கும். அதனால ஒரு தடவை மாத்திட்டு முடிஞ்சுதுன்னு போயிடாதீங்க. எச்டிஆர் படம் ஒண்ணை ஓட விட்டு அது ஓடுறப்பவே மெனு திறந்து மாத்துங்க, அப்புறம் டால்பி விஷன் படம், அப்புறம் மத்த பாக்ஸ் எல்லாம். சில டிவில "எல்லா இன்புட்டுக்கும்"னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது கண்ணுல பட்டா அமுக்கிடுங்க.

மூவி மோட் போட்டவுடனே வீட்டுல எல்லாரும் "என்ன மஞ்சளா இருக்கு"ன்னு கத்துவாங்க. கத்தட்டும், ஒரு வாரம் விடுங்க. படத்துக்கு கலர் பாக்குறவங்க ஸ்டுடியோல கிட்டத்தட்ட 6500 கெல்வின் வெள்ளைய வச்சு தான் பாக்குறாங்க, டிவிங்க கடைல நீலமா வச்சா தான் பளிச்சுன்னு இருக்கும்னு ஏத்தி வச்சிருக்காங்க, நம்ம கண்ணு அந்த நீலத்துக்கு பழகிப் போச்சு. ஒரு வாரம் கழிச்சு பழைய மோடுக்கு போய் பாருங்க, எல்லார் முகமும் செத்தவங்க முகம் மாதிரி தெரியும்.

இன்னொண்ணு, நீங்க என்ன மாத்தினாலும் கொஞ்ச நேரத்துல அதுவா பளபளப்புக்கு திரும்பிப் போகுதுன்னா டிவி ஸ்டோர் மோட்ல இருக்கு. ஆரம்பத்துல செட்டப் பண்றப்ப வீடா கடையான்னு கேக்கும், யாரோ அவசரத்துல கடைன்னு அமுக்கியிருப்பாங்க. சிஸ்டம் மெனுல போய் ஹோம்னு மாத்துங்க.

ராத்திரி சீன்

கருப்பா இருக்குன்னா மொதல்ல எனர்ஜி சேவிங், ஈகோ, லைட் சென்சார் இது மூணையும் தேடி ஆஃப் பண்ணுங்க. ரூம் இருட்டா இருக்குன்னு டிவியும் சேர்ந்து மங்கலாகிடுது, அதான் காரணம் நிறைய வீட்டுல. அப்புறம் வெளிச்சம் ஏத்தணும்னா பேக்லைட் அல்லது ஓலெட் லைட்டை ஏத்துங்க. பிரைட்னஸ்ங்கற பேர் ஒவ்வொரு டிவில ஒவ்வொரு வேலை செய்யுது, அதை ஏத்தினதும் கருப்பு சாம்பலாகி வெளுத்துப் போச்சுன்னா அது நீங்க தேடுற பட்டன் இல்ல, பழைய இடத்துக்கே வச்சிடுங்க. டிவிக்கு நேர் எதிர்ல ஜன்னலோ லைட்டோ இருந்தா எந்த செட்டிங்கும் ஒண்ணும் பண்ணாது, திரைச்சீலைய இழுத்து விடுங்க. கீழ ஓடுற ஸ்கோரோ எழுத்தோ பாதி வெட்டுப்பட்டா பிக்சர் சைஸ்ல ஃபிட் டு ஸ்க்ரீன், ஜஸ்ட் ஸ்கேன் மாதிரி எது இருக்கோ அதைப் போடுங்க.

தானா ஓடுறதும் தானா கத்துறதும்

எதைப் பாக்கலாம்னு யோசிச்சுட்டு ஒரு படத்து மேல ரெண்டு செகண்ட் நின்னா போதும், அதுவே டிரெய்லரை சத்தமா போட்டு முடிவு வரைக்கும் காட்டிக் குடுத்துடுது. நெட்ஃப்ளிக்ஸ்ல 2020லேருந்து இதை நிறுத்த வழி இருக்கு, ஆனா டிவில தேடுனா கிடைக்கறது கஷ்டம், போன் இல்ல கம்ப்யூட்டர் பிரவுசர்ல அக்கவுண்டுக்குள்ள போய் ப்ரொஃபைல் செட்டிங்ஸ்ல பிளேபேக்னு இருக்கற இடத்துல ரெண்டு டிக் இருக்கும், அடுத்த எபிசோட் தானா ஓடுறது ஒண்ணு, ப்ரிவ்யூ தானா ஓடுறது ஒண்ணு. ரெண்டையும் எடுத்துடுங்க. ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் தனியா எடுக்கணும், குழந்தைங்க ப்ரொஃபைலை மறந்துடாதீங்க, "இன்னும் ஒண்ணு மட்டும்"ங்கற சண்டைல பாதி அங்கேருந்து தான் வருது. யூடியூப்ல ஆட்டோபிளே பட்டன் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் பிளேயர்லயே இருக்கு, டிவி ஆப்ல செட்டிங்ஸ்ல பாருங்க. கூகுள் டிவில ஹோம் ஸ்க்ரீன் முழுக்க அவங்க சிபாரிசு தான் நிறைஞ்சிருக்குன்னா ஆப்ஸ் ஒன்லி மோட்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா பெரும்பாலும் ஆப் வரிசை மட்டும் தான் மிஞ்சும்.

விளம்பரம் கத்துறதுக்கு சட்டமே போட்ட இடங்கள் உண்டு. அமெரிக்கால கால்ம் ஆக்ட் 2010ல வந்து 2012 டிசம்பர்லேருந்து அமலாச்சு, நிகழ்ச்சிய விட விளம்பரம் சத்தமா இருக்கக் கூடாதுன்னு, ஆனா அது சேனலுக்கும் கேபிளுக்கும் தான், ஸ்ட்ரீமிங்குக்கு பொருந்தாது. கலிஃபோர்னியா மாநிலம் 2025ல ஸ்ட்ரீமிங்குக்கும் சேர்த்து தனிச் சட்டம் போட்டுது, 2026 ஜூலைலேருந்து நடைமுறைன்னு. நம்ம கைல இருக்கறது மேல சொன்ன ஆட்டோ வால்யூமும் ரிமோட்ல மியூட்டும் தான், ரெண்டையும் கூச்சமில்லாம யூஸ் பண்ணுங்க.

மெனுக்குள்ள இருக்கறப்பவே இன்னொரு வேலை. நீங்க என்ன பாக்குறீங்கன்னு திரைல வர்ற படத்தை வச்சே அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்புற வசதி நிறைய ஸ்மார்ட் டிவில இருக்கு, ஏசிஆர்னு சொல்லுவாங்க. அமெரிக்காவோட விசியோங்கற டிவி கம்பெனி சரியா சம்மதம் வாங்காம இதைப் பண்ணினதுக்காக 2017ல 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடிச்சுது. எல்ஜில லைவ் பிளஸ்னு இருக்கும், சாம்சங்ல வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், ப்ரைவசி மெனுல டிக்கை எடுத்துட்டா படம் பாக்கறதுல எந்த மாத்தமும் வராது.

ரிமோட் மூணு இருக்கறவங்க எச்டிஎம்ஐ சிஇசிய ஆன் பண்ணுங்க, ஒரே ரிமோட்ல எல்லாம் ஓடும். இதுக்கும் சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்லிங்க்னு வேற வேற பேர். டிவி நடு ராத்திரில தானா ஆன் ஆகுதுன்னா அதே சிஇசி தான் காரணமா இருக்கும், ஏதோ ஒரு பாக்ஸ் அப்டேட்டுக்கு எந்திரிச்சு டிவியையும் எழுப்பிடுது, அந்த பாக்ஸ்ல மட்டும் ஆஃப் பண்ணினா போதும்.

எல்லாம் முடிச்சதும் ஒவ்வொரு மெனுவையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க. சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா சில டிவில செட்டிங் பழையபடி ஆயிடும், ஸ்மூத்திங் அதுல மொதல்ல திரும்பி வர்ற ஆசாமி, ப்ரைவசி டிக்கும் அப்படித் தான், புது விதிமுறைக்கு ஓகே குடுன்னு கேக்கறப்ப எல்லாத்தையும் சேர்த்து ஆன் பண்ணிக்கும். அந்த ஸ்க்ரீன் வந்தா "எல்லாத்துக்கும் சம்மதம்"ங்கற பெரிய பட்டனை அமுக்காம ஒவ்வொண்ணா இறங்கிப் படிச்சு தேவையானதுக்கு மட்டும் டிக் போடுங்க. வீட்டுல அதை அவசரமா அமுக்கற ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியும், அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.